மார்ச்சில் மாயர் நகரங்களுக்குக் கேமராவோடு: ஒரு வாசகியின் திட்டத்தில் சில திருத்தங்கள்

வாசகியின் கடிதம் (சுருக்கமாக)

திருச்சியில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். பத்து ஆண்டுகளாகக் கோயில் சிற்பங்களைப் படம் எடுத்துவருகிறார். ஹூஸ்டனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வரும் பிப்ரவரியில் போகிறார். பலமுறை நுழைவுக்கான அமெரிக்கச் சுற்றுலா விசா கையில் இருக்கிறது. அங்கிருந்து மார்ச் 14 முதல் 24 வரை பழைய மாயர் நகரங்களான மெக்ஸிகோவின் சிச்சென் இட்ஸா, பாலெங்கே, குவாத்தமாலாவின் திக்கால் மூன்றையும் பார்த்துப் படம் எடுக்க ஆசை. மார்ச் 20 அன்று சிச்சென் இட்ஸாவின் பிரமிடில் பாம்பு இறங்கிவருவதுபோல விழும் நிழலை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். பிரமிடின் மேலேறி நின்று நாலாபுறமும் எடுக்கவும் எண்ணம்.

இரண்டு கிராப் சென்சார் பாடி, ஒரு சின்னக் காம்பாக்ட் கேமரா, 10–20, 18–140, 70–300 மி.மீ. ஜூம்கள், 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஃப்ளாஷ், ட்ரைபாட் ஆகியவை அவரிடம் உள்ளன. 249 கிராம் ட்ரோன் ஒன்றை அண்ணன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 250 கிராமுக்குக் குறைவு என்பதால் அனுமதி தேவையில்லை, திரும்பும்போது ஊருக்கும் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறார். படங்களை வைத்து 'மறைந்துபோன மாயர்கள்' என்று கல்லூரியில் ஒரு கண்காட்சி, பிறகு காலண்டராக அச்சிட்டு விற்பனை. மெக்ஸிகோ விசாவுக்கு டெல்லி போக வேண்டுமா, மழைக்காட்டின் ஈரத்தில் லென்ஸில் ஃபங்கஸ் வருமா என்ற கவலைகளும் இருக்கின்றன.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கல்லில் செதுக்கிய உருவத்துக்கு எந்த நேரத்து வெளிச்சம் வேண்டும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்தப் பயணத்துக்கு வேண்டிய முக்கியமான தகுதி அதுதான். திட்டத்தில் கருவிகளைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறீர்கள். வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும், கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது, எதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பவற்றுக்கு இடம் குறைவாக இருக்கிறது. அதை மாற்றிப் போடுவோம். நீங்கள் நம்பியிருக்கும் நான்கைந்து விஷயங்கள் சரியில்லை. இப்போதே தெரிந்துகொண்டால் செலவும் ஏமாற்றமும் மிச்சம்.

விசா

மெக்ஸிகோவுக்காக டெல்லி போக வேண்டாம். செல்லுபடியாகும் பலமுறை நுழைவு அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர் தனி மெக்ஸிகோ விசா இல்லாமல் சுற்றுலாவாகப் போகலாம். அந்த விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தங்குமிட முன்பதிவு, ஹூஸ்டன் திரும்பும் டிக்கெட், அதன்பின் இந்தியா திரும்பும் டிக்கெட் மூன்றையும் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்ற மேசையில் கேட்கிற நேரத்தில் போனில் சார்ஜ் இருக்காது.

குவாத்தமாலா விஷயத்தில் மெக்ஸிகோவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது தனி நாடு, தனி விதி. உங்கள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், அமெரிக்க விசாப் பக்கம் இரண்டின் நகலையும் இணைத்து, ஹூஸ்டனில் உள்ள குவாத்தமாலா துணைத் தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை அச்சிட்டுக் கையில் வையுங்கள். முதலில் உங்களை நிறுத்தப்போவது அங்குள்ள அதிகாரி இல்லை, ஹூஸ்டன் விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கொடுப்பவர்தான். அந்தப் பதில் வருவதற்கு முன் திக்காலுக்கு டிக்கெட் போட வேண்டாம்.

பாலெங்கே, திக்கால்: இரண்டில் ஒன்று போதும்

வரைபடத்தில் பாலெங்கேவும் திக்காலும் அருகருகே தெரியும். நடுவே உசுமசிந்தா ஆறும் நாட்டு எல்லையும் இருக்கின்றன. ஆற்றங்கரை ஊரான ஃப்ரொன்தேரா கொரொசால் வரை சாலை, பிறகு படகு, பிறகு குவாத்தமாலா பக்கம் மறுபடி சாலை என்று ஒரு முழு நாள் போய்விடும். அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. பாலெங்கே இருக்கும் சியாபாஸ் மாநிலத்தின் எல்லைப் பகுதியில் அண்மை ஆண்டுகளில் ஆயுதக் குழுக்களின் மோதல் இருக்கிறது. அதே வழியில் இருக்கும் போனாம்பாக், யாஷ்சிலான் ஆகிய மாயர் தலங்கள் இரண்டும் பார்வையாளருக்கு மூடப்பட்ட நாட்களும் உண்டு. கேமராப் பையோடு தனியாகப் போகும் ஒருவருக்கு இந்தத் தரைவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே இரண்டில் ஒன்று. குவாத்தமாலாவிடமிருந்து சாதகமான பதில் வந்தால் திக்கால், உஷ்மால் (சிச்சென் இட்ஸா இருக்கும் யூகதான் மாநிலத்தின் இன்னொரு மாயர் நகரம்), சிச்சென் இட்ஸா. வராவிட்டால் மெக்ஸிகோ மட்டும்: சிச்சென் இட்ஸா, உஷ்மால், பாலெங்கே. இப்போது மாயா ரயில் ஓடுகிறது. கான்கூன், வயதோலித், சிச்சென் இட்ஸா, மெரிதா, காம்பெச்சே வழியாகப் பாலெங்கே வரை போகிறது. நேர அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் மறுபடி சரிபாருங்கள்.

என் விருப்பம் திக்கால்தான். அங்கே மரப்படிகளில் ஏறிக் காட்டுக்கு மேலே நின்று படம் எடுக்க முடியும். சிச்சென் இட்ஸாவில் எல்லாவற்றையும் தரையில் நின்றுதான் எடுக்க வேண்டும். பாம்பு நிழல் விழும் குகுல்கான் பிரமிடில் ஏற 2006 முதல் தடை. ஒரு பயணி தவறி விழுந்து இறந்த பிறகு வந்த தடை அது. இன்னும் மேலேறி நிற்பவர்களின் படங்கள் இணையத்தில் சுற்றுகின்றன, அவை அதற்கு முந்தியவை. கயிற்றைத் தாண்டினால் கூட்டம் கூச்சலிடும், காவலர் இழுத்துச் செல்வார், அபராதமும் உண்டு.

நாள் கணக்கு இப்படி வரும். மார்ச் 14 திக்காலுக்குப் பக்கத்து ஊரான ஃப்ளோரெஸ் போய்ச் சேர, 15 முதல் 17 திக்கால், 18 யூகதானுக்குப் பயணம், 19 ஓய்வு, 20, 21 உஷ்மாலும் சுற்றுப்புறமும், 22 மாலையும் 23 காலையும் சிச்சென் இட்ஸா, 24 திரும்புதல். 19-ஐ வெறுமையாக விட்டதைப் பார்த்து அதில் இன்னொரு இடத்தைச் சொருகாதீர்கள். விமானம் தவறினாலோ ஒரு நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டாலோ கைகொடுக்கப்போவது அந்த நாள்தான்.

மார்ச் 20-ஐ விட்டுவிடுங்கள்

பாம்பு நிழல் அந்த ஒரே நாளில்தான் விழும் என்று எழுதியிருக்கிறீர்கள். சமபகலிரவை ஒட்டிய நாட்களில் சூரியன் வானில் வடக்கு நோக்கி நகர்வது நாளுக்குச் சுமார் 0.4 பாகை. இரண்டு மூன்று நாள் முன்னாலோ பின்னாலோ போனால் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். 20, 21 தேதிகளிலோ பல்லாயிரம் பேர் அந்த வெளியில் நிற்பார்கள். பிரமிடின் அடித்தளமே தெரியாது. அதோடு, மார்ச் மூன்றாவது திங்கட்கிழமை மெக்ஸிகோவில் பொது விடுமுறை. ஞாயிறுகளில் உள்நாட்டவருக்கு நுழைவு இலவசம் என்பதால் கூட்டம் இரட்டிப்பு. 22 ஞாயிறாக வந்தால் அன்று உஷ்மாலிலேயே இருந்துவிட்டு, சிச்சென் இட்ஸாவை 23 மாலைக்குத் தள்ளிவையுங்கள்.

எங்கே நிற்பது? வடக்குப் படிக்கட்டின் அடியில்தான் பாம்புத் தலைகள் இருக்கின்றன. மாலையில் பிரமிடின் வடமேற்கு மூலையிலுள்ள அடுக்குகளின் நிழல் அந்தப் படிக்கட்டின் மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் விழும். நிழலுக்கு நடுவே மிஞ்சும் வெளிச்சம்தான் முக்கோணங்களாகத் தெரிகிறது. ஆகவே வடமேற்கில் நில்லுங்கள். முழுதாகச் சீரமைத்த வடக்கு, மேற்கு முகங்கள் இரண்டும் அங்கிருந்து ஒரே படத்துக்குள் வரும். நான்கு மணியிலிருந்து மூடும் நேரம் வரை இடத்தை விட்டு நகர வேண்டாம். ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் 1/500 நொடியில் தொடங்கிப் பாருங்கள். முக்கோணங்கள் வெளுக்காமல் இருப்பதுதான் முக்கியம், நிழல் பக்கத்தைப் பிறகு கணினியில் உயர்த்திக்கொள்ளலாம். அந்த மாலை மேகம் வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. சுற்றியிருக்கும் போர்வீரர் கோயிலின் தூண்களை மென்வெளிச்சத்தில் எடுங்கள்.

காலைக்கு ஒரு எச்சரிக்கை. வாசல் 8 மணிக்குத் திறக்கும். மார்ச் பிற்பாதியில் அங்கே சூரியன் ஏறத்தாழ 6 மணிக்கே எழுந்துவிடும், எனவே நீங்கள் உள்ளே நுழையும்போதே சூரியன் 25 பாகைக்கு மேல் இருக்கும். பொன்வெளிச்சம் கிடைக்காது. கிடைப்பது ஆளில்லாத அரை மணி நேரம் மட்டும். அதற்கு முந்தைய இரவு பக்கத்து ஊரான பிஸ்தேயில் தங்க வேண்டும். கான்கூனிலிருந்து அதிகாலை கிளம்பி வருவது சிரமம். சுமார் 200 கிலோமீட்டர். ஒரு சௌகரியம் என்னவென்றால் கான்கூன் இருக்கும் கிந்தானா ரூ மாநிலத்தின் கடிகாரம் யூகதானைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அந்த ஒரு மணி லாபம். 24-ஆம் தேதி விமானத்துக்குத் திரும்பும்போது அதே ஒரு மணி நஷ்டம். விமானத்தைத் தவறவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். 23 மாலையே போனில் நேரத்தை மாற்றி வையுங்கள்.

சிச்சென் இட்ஸாவில் நுழைவுக் கட்டணம் இரண்டு பகுதி: ஒன்று மத்திய அரசுக்கு, மற்றொன்று மாநிலத்துக்கு. கொஞ்சம் பெசோவை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன், ட்ரைபாட், காலண்டர்

மெக்ஸிகோவின் தொல்லியல் தலங்கள் எல்லாம் தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 1939-இல் தொடங்கிய இந்த அமைப்பை அங்கே சுருக்கமாக 'இனா' என்பார்கள். சொந்த உபயோகத்துக்குக் கையில் பிடித்து, ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். ட்ரைபாடுக்கு முன்கூட்டிய அனுமதி வேண்டும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும். வாசலில் அதை வாங்கி வைத்துவிடுவார்கள், அல்லது திரும்பிப் போகச் சொல்வார்கள்.

ட்ரோனுக்கு இனாவின் தலங்களில் அனுமதியின்றி இடமே இல்லை. 250 கிராம் என்பது விமானப் போக்குவரத்துத் துறையின் பதிவுக்கான எல்லை. தொல்லியல் தலத்தின் தடையை அது நீக்காது. திக்கால் தேசியப் பூங்காவிலும் அனுமதி வாங்காமல் பறக்கவிட முடியாது. இதையெல்லாம் தாண்டி நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. இந்திய அரசு 2022 பிப்ரவரி 9 முதல் ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்திருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு. அண்ணன் வாங்கித் தரும் ட்ரோன் ஊர் விமான நிலையத்தின் சுங்க மேசையிலேயே நின்றுவிடக்கூடும். அந்தப் பணத்தில் உஷ்மாலில் இன்னொரு இரவு தங்குங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

காலண்டர் பற்றி. மெக்ஸிகோவில் தொல்லியல் நினைவுச்சின்னங்களின் உருவத்தை வணிகத்துக்காக மறுபதிப்புச் செய்ய இனாவின் அனுமதி வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. படத்தை எடுத்தவர் நீங்கள்தான், அதன் பதிப்புரிமையும் உங்களுடையதுதான். ஆனால் பிரமிடை வைத்து விற்பனைக்குப் பொருள் செய்வது வேறு விஷயம். கட்டணம் இல்லாத கல்லூரிக் கண்காட்சியையும், விற்கப்போகும் காலண்டரையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக விவரித்து, ஸ்பானிய மொழியில் இனாவுக்கு எழுதுங்கள். எந்தத் தலம், எந்தத் தேதி, என்ன கருவி, எத்தனை பிரதி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தாமதிக்காமல் அனுப்பிவிடுங்கள். பதில் வரும்வரை காலண்டருக்கு முன்பணம் வாங்க வேண்டாம்.

மெக்ஸிகோ சுங்கத்தில் ஒரு பயணி வரியில்லாமல் கொண்டுபோகக்கூடியது இரண்டு கேமராக்கள். உங்கள் காம்பாக்ட் மூன்றாவது. அதை ஹூஸ்டனிலேயே விட்டுவிடுங்கள். அதே போலத் திருச்சியிலிருந்து கிளம்பும்போது கேமரா, லென்ஸ்களின் தொடர் எண்களோடு சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது 'இது வெளிநாட்டில் வாங்கியதா' என்ற கேள்விக்கு அந்தத் தாள் போதும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது போனால்தான் அதற்கு அவகாசம் இருக்கும்.

திக்காலில் விடியல்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் கண்காட்சியின் சிறந்த படங்கள் இங்கிருந்துதான் வரும்.

பூங்காவின் வழக்கமான நேரம் காலை 6 முதல் மாலை 6. சாலையில் உள்ள பூங்கா வாயிலிலிருந்து பார்வையாளர் மையத்துக்கே 17 கிலோமீட்டர். அங்கிருந்து நான்காம் கோயிலுக்குக் காட்டுப் பாதையில் நடை. ஆக, சாதாரணச் சீட்டோடு 6 மணிக்கு வந்தால் சூரியன் உங்களுக்கு முன்பே வந்திருக்கும். விடியலுக்குத் தனிச் சீட்டும் வழிகாட்டியும் வேண்டும். ஃப்ளோரெஸ் ஊரிலிருந்து வந்தால் இரவு இரண்டு, மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். பூங்காவுக்குள்ளேயே தங்கும் விடுதிகள் இருக்கின்றன. இரண்டு இரவு அங்கே தங்குங்கள். முன்பதிவு செய்யும்போதே மின்சாரம் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் இருக்கும் விடுதி, இரவெல்லாம் சார்ஜ் போடலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

நான்காம் கோயில் கி.பி. 741-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. 65 மீட்டருக்கு மேல் உயரம். அதன் மேல்தளத்திலிருந்து கிழக்கே பார்த்தால் மரக்கடலுக்கு மேலே முதலாம், இரண்டாம், மூன்றாம் கோயில்களின் கொண்டைகள் மட்டும் தெரியும். சூரியப் பந்து அவற்றுக்கு நடுவே எழும் படத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பல காலைகளில் பனிமூட்டம்தான். அதுவே நல்லது. மூட்டம் விலகும் இருபது நிமிடத்தில் கோயில் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியத் தொடங்கும், அப்போது உங்கள் கையில் 70–300 இருக்க வேண்டும். வைட் லென்ஸில் அந்த முகடுகள் கடுகளவுதான் இருக்கும். பனியில் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாறிப் படத்தைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். வெயில் வந்தபின் நேர்மாறு: கருங்காட்டுக்கு நடுவே நிற்கும் வெளிறிய சுண்ணாம்புக்கல் வெளுத்துப்போகும், அப்போது −0.7 வையுங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமை அடிக்கடி பாருங்கள். எல்லாவற்றையும் ரா வடிவத்தில் எடுங்கள்.

ட்ரைபாட் இல்லாமல் எப்படி? ஒரு காலித் துணிப்பையைக் கொண்டுபோங்கள். ஃப்ளோரெஸில் அரைக் கிலோ பீன்ஸ் வாங்கி அதை நிரப்பி, முழங்காலில் வைத்து அதன்மேல் லென்ஸை ஊன்றுங்கள். கிளம்பும்போது பீன்ஸை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எல்லை தாண்டி விதைகளைக் கொண்டுபோகக் கூடாது. 300 மி.மீ. நீளத்தில் ஷட்டர் 1/500-க்குக் கீழே இறங்காமல் ஐஎஸ்ஓவை 1600 வரை தயங்காமல் ஏற்றலாம்.

பெரிய சதுக்கத்தில் முதலாம் கோயில் மேற்கு பார்த்து நிற்கிறது. எதிரே இரண்டாம் கோயில் கிழக்கு பார்த்து நிற்கிறது. காலையில் இரண்டாம் கோயிலின் முகத்திலும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் முதலாம் கோயிலின் முகத்திலும் வெளிச்சம் விழும். 47 மீட்டர் உயர முதலாம் கோயிலில் ஏற அனுமதி கிடையாது. இரண்டாம் கோயிலுக்கு மரப்படி இருக்கிறது. பிற்பகலில் அதன்மேல் நின்று முதலாம் கோயிலை நேருக்கு நேர் எடுங்கள். பாதி உயரத்தில் நின்று எடுப்பதால் சுவர்கள் உள்நோக்கிச் சாயாது. தரையிலிருந்து எடுக்கும்போது கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல், நேராகப் பிடித்து, சுற்றிலும் இருபது சதவீதம் இடம் விட்டு எடுத்தால் பிறகு சரிசெய்யலாம்.

இதே திசைக் கணக்கை மற்ற ஊர்களுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். உஷ்மாலில் ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள ஆளுநர் மாளிகை கிழக்கு பார்த்தது. வாசல் திறந்ததும் முதலில் அங்கே போங்கள், மழைத் தெய்வம் சாக்கின் மூக்கு நீண்ட முகங்கள் நிறைந்த அதன் மேற்பகுதியைக் காலை வெளிச்சம் பக்கவாட்டில் தடவும்போது எடுங்கள். பாலெங்கே போக நேர்ந்தால், கல்வெட்டுக் கோயில் வடக்கு பார்த்தது என்பதை நினைவில் வையுங்கள். 1952-இல் பாக்கால் மன்னனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது அதற்குள்தான். மார்ச்சில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நாளின் பெரும்பகுதி அதன் முகம் நிழலில் இருக்கும். மேகம் மூடிய நாளோ மூடுபனிக் காலையோ அதற்கு நல்லது. சூரியன் கோயிலுக்குக் காலை, இலைச் சிலுவைக் கோயிலுக்குப் பிற்பகல்.

சிற்பத் தூண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. திக்காலின் கல்தூண்களில் செதுக்கல் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. நேர் வெளிச்சத்தில் வெறும் கல்லாகத் தெரியும். சூரியன் தூணின் பக்கமாக வழுக்கிப்போகும் நேரத்தை முதல் நாளே குறித்துக்கொண்டு மறுநாள் அந்த நேரத்துக்கு வாருங்கள். மேகமூட்டமாக இருந்தால் ஒரு கறுப்புக் குடையை விரித்துத் தூணின் ஒரு பக்கம் படாமல் பிடியுங்கள். அந்தப் பக்கம் வெளிச்சம் குறைந்து கோடுகள் எழும். கோடு தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் பூசுவதும், தண்ணீர் தெளிப்பதும், கையால் தடவுவதும் கல்லைக் கெடுக்கும். யாராவது வழிகாட்டி செய்து காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இருண்ட உள்ளறைகளில் ஃப்ளாஷுக்குப் பதில் உங்கள் 35 மி.மீ. எஃப் 1.8 போதும்: எஃப் 2, 1/30, ஐஎஸ்ஓ 3200. ஃப்ளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஈரம், ஃபங்கஸ், கொசு மருந்து

பத்து நாளில் ஃபங்கஸ் பிடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஈரமான பையை அப்படியே மூடி ஊருக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் அலமாரியில் வைத்தால்தான் பிடிக்கும். பயணத்தில் உண்மையான தொல்லை லென்ஸில் ஆவி படிவது. ஏசி அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்த கண்ணாடியை ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் உடனே வெள்ளையாகிவிடும், அரை மணி நேரம் கடந்தாலும் தெளியாது. விடியல் அதற்குள் முடிந்துவிடும். கேமராவை ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உறையோடு அறைக்கு வெளியே வையுங்கள். அல்லது ஏசியை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். ஆவி படிந்துவிட்டால் துடைத்துத் துடைத்துக் கீறாதீர்கள், அந்த நேரத்தில் லென்ஸையும் கழற்றாதீர்கள். கழற்றினால் ஈரம் சென்சார் மேல் படியும். இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு உறையில் மூடி வைத்தால் போதும்.

கொசு மருந்தில் கவனம் வேண்டும். டீட் என்ற மருந்து கலந்தவை சிலவகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். மருந்து பூசிய கையோடு கேமராவைப் பிடித்தால் பிடிப்பு ரப்பர் பிசுபிசுத்துவிடும். பிகாரிடின் கலந்ததை வாங்குங்கள், அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. உண்ணிகள் உண்டு, ஆகவே முழுக்கால் சட்டை, நீளக் காலுறை, மாலையில் உடம்பைச் சோதிப்பது. கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பு ஒரு மருத்துவரைப் பார்த்துத் தடுப்பூசி, மலேரியா பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மார்ச் வறண்ட பருவம், பெருமழைக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் மார்ச் இறுதியிலிருந்து மே வரை விவசாயிகள் நிலத்தைத் தீயிட்டுப் பக்குவப்படுத்துவதால் திக்கால் இருக்கும் பெத்தென் காட்டின் மேல் புகை மண்டும், தொடுவானம் மங்கும். திக்காலை முதலில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பையில் என்ன வைப்பது

இரண்டு பாடி, நீங்கள் சொன்ன நான்கு லென்ஸ், போலரைசர் ஒன்று, பேட்டரி ஐந்து. உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் சிக்கல் இல்லை: உங்கள் கேமரா பேட்டரி 16 வாட்-ஹவரை ஒட்டி இருக்கும், 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க் 74 வாட்-ஹவர். இரண்டு நாட்டிலும் 120 வோல்ட்டை ஒட்டிய மின்சாரம், தட்டைக் கால் பிளக். சார்ஜரில் 100–240 என்று போட்டிருந்தால் மாற்றுமுனை மட்டும் போதும், அண்ணன் வீட்டில் உபயோகித்ததையே கொண்டுபோகலாம். ஒவ்வொரு இரவும் படங்களை இரண்டு தனி டிரைவ்களில் பதிந்து, ஒன்றைக் கேமராப் பையிலும் மற்றதை உடைப் பெட்டியிலும் வையுங்கள். கார்டுகளைப் பயணம் முடியும்வரை அழிக்காமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. ரா கோப்பு ஒன்று 30 எம்.பி. என்றால் 64 ஜி.பி. கார்டில் சுமார் இரண்டாயிரம் படம், நான்கு கார்டு இருந்தால் பயணம் முழுதும் ஓட்டிவிடலாம்.

கண்காட்சித் தலைப்பு

இதைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாயர்கள் மறைந்துபோகவில்லை. தெற்கே உள்ள நகரங்கள் ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் கைவிடப்பட்டன. திக்காலில் கிடைத்த கடைசித் தேதியிட்ட தூண் கி.பி. 869-ஐச் சேர்ந்தது. மக்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள், வேறு ஊர்களைக் கட்டினார்கள். நீங்கள் இறங்கப்போகும் ஃப்ளோரெஸ் தீவுதான் இட்ஸா மாயரின் தலைநகராக இருந்த நோஹ்பெத்தென். 1697 மார்ச் மாதம்தான் ஸ்பானியர் அதைப் பிடித்தார்கள். இன்றும் பல லட்சம் பேர் மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். பிஸ்தேயில் உங்களுக்குக் காலையுணவு கொடுக்கும் பெண்மணி வீட்டில் யுகதெக் மாயா பேசுபவராக இருக்கலாம். திக்காலின் சதுக்கத்தில் இப்போதும் வழிபாடு நடக்கிறது. கூட்டமாக நின்று தூபம் போடுகிறார்கள் என்றால் கேமராவைத் தாழ்த்திவிட்டு, முடிந்தபிறகு கேளுங்கள். மனிதர்களை எடுக்குமுன் கேட்பது, மறுத்தால் விலகுவது, குழந்தைகளை எடுக்கப் பெற்றோரைக் கேட்பது. பிற்காலத்தில் சியாபாஸ் மலைப்பகுதிக்குப் போனால், சான் ஹுவான் சமூலா தேவாலயத்துக்குள் படமெடுக்கக் கடுந்தடை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பில் ஊர்ப்பெயரையும் காலத்தையும் போடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் கட்டடம், ஊர், நூற்றாண்டு மூன்றும் இருக்கட்டும். எட்டாம் நூற்றாண்டுத் திக்காலையும் அதற்குப் பிந்தைய சிச்சென் இட்ஸாவையும் ஒரே காலம் போலத் தொங்கவிட்டால், பார்க்கும் மாணவர்கள் தவறாகவே புரிந்துகொள்வார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு கடிதங்கள்: குவாத்தமாலா துணைத் தூதரகத்துக்கு ஒன்று, இனாவுக்கு ஒன்று. முதல் பதில் ஜனவரி இறுதிக்குள் வரவில்லை என்றால் காத்திராமல் மெக்ஸிகோ மட்டும் என்ற திட்டத்துக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.